பத்மினில ஜிப்ஸி என்ஜின்: ஈசிஎம்-ஐ எங்க மாட்டுறது?

கேள்வி, 11 ஜூன் 2022

1986 மாடல் பிரீமியர் பத்மினி, அப்பா வாங்கினது. பழைய 1089 சிசி என்ஜின் ரெண்டு தடவ சிலிண்டர் போர் பண்ணியாச்சு, இனிமே தாங்காது. மாருதி ஜிப்ஸியோட எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர்ல பெட்ரோல் தெளிக்கிற) என்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் கிடைச்சிருக்கு, வயரிங் கிட், ஈசிஎம் (என்ஜினை நடத்துற கம்ப்யூட்டர் பெட்டி) எல்லாம் கூடவே வந்துச்சு. எலக்ட்ரீஷியன் சொல்றார், ஈசிஎம்-ஐ பானெட் கீழயே பேட்டரி பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு மூடிடலாம், ஃபயர்வால்ல (என்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுச் சுவர்) ஓட்டை போட வேண்டாம், வயர் நீட்ட வேண்டாம்னு. புது வண்டிங்கள்லயும் பானெட் கீழதானே இருக்கு? செய்யலாமா?

11 ஜூன் 2022, இரவு

செய்யாதீங்க. நான் செஞ்சேன், அதனால சொல்றேன்.

என்னுது 1983 பத்மினி, அதே ஜிப்ஸியோட ஜி13 என்ஜின், 2018 கடைசில ஏத்தினது. முதல் அஞ்சாறு மாசம் ஈசிஎம் பானெட் கீழதான் இருந்துச்சு. டப்பான்னா என்ன டப்பா, வீட்ல அரிசி போட்டு வெக்கிற காத்து புகாத டப்பா, மூடி நாலு பக்கமும் கிளிப் போடுமே அது. பெருமையா படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். மே மாசம் தாம்பரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் டிராஃபிக்ல ஊர்ந்து வந்து பெட்ரோல் பங்க்ல நிறுத்தினேன், பத்து நிமிஷம் கழிச்சு செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகல. பானெட்டைத் தூக்கி டப்பாவைத் தொட்டேன், கை வெக்க முடியல. அரை மணி நேரம் பானெட்டைத் திறந்து போட்டதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. இது மூணு தடவ.

பழைய பத்மினி வெச்சிருந்தவங்களுக்கு இது புதுசில்ல. வெயில்ல நிறுத்தினா பெட்ரோல் பம்ப்ல கேஸ் அடைச்சுக்கும், ஈரத்துணி போடுவோம். ஈசிஎம் மேல ஈரத்துணி போட முடியாது பாருங்க.

12 ஜூன் 2022

நேத்து கோவத்துல எழுதிட்டேன், கேட்டதுக்கு சரியா பதில் சொல்லல. புது வண்டில பானெட் கீழ இருக்குன்னு கேட்டீங்க, உண்மைதான், நிறைய வண்டில இருக்கு. ஆனா அதுங்க அதுக்குன்னே செஞ்சது. உள்ள இருக்கிற சில்லுங்களுக்கு சூட்டு வரம்பு இருக்கு, வண்டிக்கு உள்ள வெக்கிறதுக்கு செஞ்சதுன்னா பொதுவா 85 டிகிரி, பானெட் கீழ வெக்கிறதுன்னா 105, சிலது 125 வரைக்கும். பெட்டியும் வேற, வார்ப்பு அலுமினியம், முதுகுல சூடு விடற விசிறி மடிப்பு, வயர் வந்து சொருகற கப்ளர்ல ஒவ்வொரு வயருக்கும் தனி ரப்பர் சீல். ஜிப்ஸி ஈசிஎம்-ஐ கையில எடுத்துப் பாருங்க, சும்மா தகரம், கப்ளர்ல ரப்பரே கிடையாது. செஞ்சவன் அதை டேஷ்போர்டு கீழ வெக்கத்தான் செஞ்சான். அவன் வெச்ச மாதிரியான இடத்துலதான் நாமளும் வெக்கணும், வண்டி வேறயா இருந்தாலும்.

அப்புறம் காத்து புகாத டப்பா நல்லதுன்னு நினைச்சோமே, அதுதான் ரொம்ப மோசம். சூடு வெளிய போக வழியில்ல. ராத்திரி குளிர்ந்ததும் உள்ள இருக்கிற ஈரக்காத்து வேர்த்து சொட்டா நிக்கும். என் டப்பாவைத் திறந்தப்ப மூடியோட உள்பக்கம் பனி பூத்த மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. ஓடும்போது இருக்கிற சூட்டை விட நிறுத்தின அப்புறம் வர்ற சூடுதான் அதிகம். ஃபேன் நின்னுடும், முன்னாடிலேர்ந்து காத்து வராது, புகை வெளிய போற மேனிஃபோல்டு குழாயோட சூடு முழுக்க மேல ஏறும். அதனாலதான் எனக்கு ஓடும்போது ஒண்ணும் ஆகல.

12 ஜூன் 2022, கொஞ்ச நேரம் கழிச்சு

சரி எங்க வெக்கிறது? இடது பக்கம், முன்சீட்ல உக்கார்றவர் கால் பக்கத்துல, கதவுக்கு முன்னாடி இருக்கிற சைடு தகட்டுல. வயர் தூரம் கம்மி, கைக்கு எட்டும், மறைவா இருக்கும். நான் ரெண்டாவதா அங்கதான் மாட்டினேன். இதுதான் சரியான இடம்.

19 ஜூன் 2022

போன வாரம் "இதுதான் சரியான இடம்"னு எழுதினேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். எழுதும்போதே ஏதோ உறுத்துச்சு, நான் ஏன் அங்கேர்ந்து எடுத்து மூணாவதா ஒரு இடத்துக்கு மாத்தினேன்னு. ஞாபகம் வந்துச்சு. ஏசி.

நம்ம ஊர்ல பத்மினிக்கு ஏசி போட்டா அந்த கூலிங் காயில் பெட்டியை டேஷ்போர்டு கீழ தொங்க விடுவாங்க. தண்ணி வெளிய போக ஒரு குழாய் தரை வழியா போகும். அந்தக் குழாய்ல தூசி அடைச்சுக்கிட்டா தண்ணி கார்ப்பெட்ல இறங்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க, கவனிச்சாலும் குடை சொட்டுதுன்னு நினைச்சுப்பாங்க. என் மனைவி ரெண்டு நாளா செருப்பு நனையுதுன்னு சொல்லிட்டே இருந்தா, நான் காதுல வாங்கல. மூணாவது நாள் ஐடில் ஏறி ஏறி இறங்குது, செக் என்ஜின் லைட் எரியுது. சைடு தகட்டைக் கழட்டிப் பாத்தா ஈசிஎம் கப்ளர்ல பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. நல்ல வேளை போர்டு பிழைச்சுது, கப்ளர் பின் மட்டும் பிரஷ் போட்டு சுத்தம் பண்ணி மாட்டினேன்.

ஏசி இல்லாத வண்டின்னா கால்பக்கம் ஓகேவான்னு கேப்பீங்க. பத்மினி தரையைப் பத்தி தெரிஞ்சவங்க அப்படிக் கேக்க மாட்டீங்க.

20 ஜூன் 2022

சீட் கீழ வெக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பெஞ்ச் சீட் கீழ நல்ல இடம் இருக்கு, சூடும் இல்ல. ஆனா வண்டில தண்ணி வந்தா முதல்ல நனையற இடம் அதுதான். பின்சீட்ல உக்கார்ற பசங்க ஜூஸ் கொட்டினாலும் அங்கதான் வரும். டிக்கில வெக்கலாமான்னு இன்னொருத்தர். வயரை எல்லாம் பத்து பன்னெண்டு அடி நீட்டணும், ஒவ்வொரு ஜாயிண்டும் நாளைக்கு ஒரு தலைவலி. ரேஸ் ஓட்டறவங்க எடை பேலன்ஸுக்காக பேட்டரியைப் பின்னாடி கொண்டு போவாங்க, ஈசிஎம் எடை அரை கிலோ கூட வராது, அதுக்கு எதுக்கு இந்த வேலை.

26 ஜூன் 2022

இப்ப என் வண்டில இருக்கிற இடம்: டேஷ்போர்டுக்குப் பின்னாடி, இடது பக்கம், எவ்ளோ மேல போக முடியுமோ அவ்ளோ மேல. ஃபயர்வால்ல ஒட்டாம, டேஷ்போர்டைத் தாங்கற பட்டைலேர்ந்து ஒரு பிராக்கெட் தொங்குது, அதுல.

இங்கயும் தண்ணி பயம் இருக்கு, ஆனா மேலேர்ந்து. முன்கண்ணாடி ரப்பர் காஞ்சு போச்சுன்னா மழைத்தண்ணி சரியா டேஷ்போர்டு பின்னாடிதான் ஒழுகும். 40 வருஷ வண்டில ரப்பர் ஒழுகாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. அதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, கப்ளர் வாய் கீழ பாத்து இருக்கணும். மேல பாத்து வெச்சா அது புனல். பக்கவாட்டுல கூட வேணாம். ரெண்டு, வயர் கப்ளருக்குள்ள போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி திரும்ப மேல ஏறணும், வயர் வழியா வர்ற சொட்டு அந்தத் தொங்கல்லயே விழுந்துடும். வீட்டுக்கு கரண்ட் கம்பம்லேர்ந்து வர்ற வயரை அப்படித்தானே வளைச்சு விடறாங்க.

இது போதாதுன்னு மெக்கானிக் அண்ணன் ஒரு தகரத்தை மடிச்சு ஈசிஎம்-க்கு மேல சரிவா கூரை மாதிரி மாட்டினார். "வீட்டுக்கு ஓடு போட்டாச்சு, பால் காய்ச்ச வேண்டியதுதான்"னார்.

27 ஜூன் 2022

படம் கேட்டிருக்கீங்க. டேஷ்போர்டைக் கழட்டினாதான் தெரியும். கழட்ட மாட்டேன்.

3 ஜூலை 2022

இடத்தை விட்டுட்டு எர்த்தைப் பத்தி (பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற இணைப்பு) சொல்லணும், ஏன்னா பாதி பேர் இடம் தப்புன்னு நினைச்சு மாத்தி மாத்தி மாட்டுவாங்க, தப்பு எர்த்துல இருக்கும். நானும்தான். ஈசிஎம்-ஐ உள்ள கொண்டு வந்ததும் வயர் நீளத்தை மிச்சம் பண்ணலாம்னு அதோட எர்த் வயரை எல்லாம் பக்கத்துல இருந்த பாடி போல்ட்ல போட்டேன். பழைய வண்டி, நாலு கோட்டிங் பெயிண்ட், அதுக்குக் கீழ பட்டி, அதுக்கும் கீழ துரு. எர்த் எங்கேர்ந்து வரும்? செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் ஈசிஎம் எர்த்துக்கும் நடுவுல மல்ட்டிமீட்டர் வெச்சா ஒரு வோல்ட்டுக்கு மேல காட்டுச்சு. 0.2க்குக் கீழ இருந்தா நிம்மதி.

சென்சாருங்க 5 வோல்ட்ல வேலை செய்யறது. அதுல எர்த் அரை வோல்ட் மேல தூக்கினா சென்சார் சொல்ற கணக்கு எல்லாமே பொய். என்ஜின் சூடா இருக்கும்போது குளிர்ந்திருக்குன்னு நினைச்சு பெட்ரோலை ஊத்தும். ஸ்கேனர் போட்டா தண்ணி சூடு சென்சார் போச்சுன்னு சொல்லும், ரெண்டு சென்சார் மாத்தினேன் நான், ரெண்டும் நல்லதுதான்.

செய்ய வேண்டியது: ஈசிஎம்-ஓட பவர் எர்த் எல்லாம் ஒரிஜினல் கிட்ல எங்க போச்சோ அங்கேயே, என்ஜின் மேல, இன்டேக் மேனிஃபோல்டு போல்ட்லயே போகட்டும், நீளம் ஆனாலும் பரவால்ல. என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல தடியா ஒரு பின்னல் பட்டை, பேட்டரி மைனஸ்லேர்ந்து என்ஜினுக்கு நேரா ஒரு கேபிள். சென்சார் எர்த் தனி, அது ஈசிஎம்-க்குத்தான் திரும்பிப் போகும், அதை எடுத்து பாடில முடிச்சுப் போட்டுடாதீங்க.

3 ஜூலை 2022

முக்கியமானதை மறந்துட்டேன். பிராக்கெட்டுக்காக பாடில வெல்டிங் வெக்கிறதுக்கு முன்னாடி ஈசிஎம் கப்ளரைக் கழட்டிடுங்க, பேட்டரியையும். கழட்டாம வெல்டிங் வெச்சுட்டு அப்புறம் சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைங்கள்ல ஈசிஎம் தேடி அலைஞ்சவரை எனக்குத் தெரியும். நான் இல்ல. சத்தியமா நான் இல்ல.

17 ஜூலை 2022

புதுப்பேட்டைன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஸ்க்ராப்லேர்ந்து ஈசிஎம் வாங்கறவங்க, கொஞ்சம் பிந்தின மாருதிங்கள்ல ஐகேட்ஸ்னு சாவி பூட்டு சிஸ்டம் வரும், சாவிக்குள்ள ஒரு சிப், சாவித் துவாரத்தைச் சுத்தி ஒரு வளையம். அந்த மாதிரி ஈசிஎம்னா அது தன்னோட சாவியைப் பாக்காம ஸ்டார்ட் ஆக விடாது. ஈசிஎம் மட்டும் வாங்கிட்டு வந்தா செங்கல். சாவி, வளையம், அந்தக் குட்டிப் பெட்டி எல்லாம் சேர்த்து வாங்குங்க, இல்ல பூட்டு இல்லாத பழைய மாடலா பாருங்க.

இன்னொரு கூத்து. ஜிப்ஸில ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸ்லேர்ந்து வராது, பின்னாடி இருக்கிற ட்ரான்ஸ்ஃபர் கேஸ்லேர்ந்து (முன் சக்கரம், பின் சக்கரம் ரெண்டுக்கும் இழுவையைப் பிரிக்கிற பெட்டி) வரும். நாம அதைத் தூக்கிப் போட்டுட்டு கியர்பாக்ஸ்லேர்ந்து நேரா ஷாஃப்ட்டை பின் ஆக்ஸிலுக்கு விடறோம். ஸ்பீடோவும் போச்சு. என் வண்டில இப்பவும் முள் சும்மா படுத்திருக்கு, ஃபோன்ல ஜிபிஎஸ் பாத்து ஓட்டறேன்.

7 ஆகஸ்ட் 2022

கேள்வி கேட்ட நண்பர் தனியா எழுதியிருக்கார், கப்ளர் பெருசா இருக்கு, ஃபயர்வால் ஓட்டைல நுழையல, வயரை வெட்டி உள்ள இழுத்து ஜாயிண்ட் போடவான்னு. வேண்டவே வேண்டாம். ரெண்டு வழி. ஓட்டையை கப்ளர் நுழையற அளவுக்கு, சுமார் 50 மில்லிமீட்டர், ஹோல் சா வெச்சு அறுத்து, விளிம்பை அரம் போட்டு மழுங்கடிச்சு, துரு பிடிக்காம பிரைமர் அடிச்சு, பெரிய ரப்பர் கிராமெட் (வயர் அறுபடாம விளிம்பை மூடற வளையம்) போடுங்க. இல்லன்னா கப்ளர்லேர்ந்து பின்னை ஒவ்வொண்ணா கழட்டணும், கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டு. நான் படம் எடுக்காம செஞ்சேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு.

வயரை நீட்டியே ஆகணும்னா, என்ஜின் சுத்தறதை ஈசிஎம்-க்குச் சொல்ற சென்சாரோட வயரை மட்டும் தொடாதீங்க. அது ஷீல்டு (மேல உலோக வலைக் கவசம்) போட்டு வர்றது, வெட்டி சாதா வயர் சேர்த்தா பிளக் வயரோட மின் இரைச்சலை எல்லாம் உள்ள வாங்கிக்கும், மூவாயிரம் ஆர்பிஎம் தாண்டினா வண்டி விக்கல் எடுக்கும். உள்ள கொண்டு போற வழியும் ஆல்டர்னேட்டர் கேபிள், பிளக் வயர் பக்கத்துல இல்லாம போகட்டும்.

8 ஆகஸ்ட் 2022

இப்படி என்ஜின் மாத்தினா ஆர்டிஓ ஒத்துப்பாங்களான்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. ஆர்சில இருக்கிற விவரம் கம்பெனி குடுத்ததுக்கு மாறா போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் இதைத்தான் அடிச்சு சொல்லிச்சு. என்ஜினை இறக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டுடுங்க, ஏத்தின அப்புறம் போய் நிக்காதீங்க. பிரேக்கையும் பாருங்க. நாப்பது சொச்சம் குதிரை இழுத்த வண்டில 80 குதிரை கட்டறோம், நாலு சக்கரத்துலயும் டிரம் வெச்சுக்கிட்டு. ஈசிஎம் எங்க வெக்கிறதுன்னு மூணு மாசம் யோசிக்கிறவங்க இதை மூணு நிமிஷமாவது யோசிக்கணும்.

10 டிசம்பர் 2023

ரொம்ப நாள் கழிச்சு வரேன். சென்னை மடிப்பாக்கத்துல இருக்கோம், மிக்ஜாம் புயல் வந்த அன்னிக்கு, 4ஆம் தேதி, தெருவே ஏரி. 2015 வெள்ளத்துல வந்த அனுபவத்துல வண்டியை மேட்டுல கொண்டு போய் நிறுத்தணும்னு நினைச்சேன், நினைச்சதோட சரி. தண்ணி சீட் நனையற அளவுக்கு ஏறி நின்னுச்சு, ரெண்டு நாள்.

தண்ணி வடிஞ்சதும் டேஷ்போர்டைக் கழட்டினேன் (படம் கேட்டவங்களுக்கு இப்ப எடுத்து வெச்சிருக்கேன்). ஈசிஎம் காஞ்ச மாதிரியே இருக்கு. கூரைத் தகரத்துல ஒரு சிலந்தி குடும்பம் நடத்திட்டிருந்துச்சு, அதுவும் சௌக்கியம். அந்த சைடு தகட்டுலயே விட்டிருந்தேன்னா ரெண்டு நாள் முழுகி இருக்கும். வீட்ல எல்லாரையும் கூப்ட்டுக் காட்டினேன். யாருக்கும் ஆர்வம் இல்ல, ஃப்ரிட்ஜ் முழுகினதுதான் அவங்க கவலை.

என்ஜின்ல தண்ணி போயிருக்கான்னு பிளக் கழட்டி கையால சுத்திப் பாத்து, ஆயில் எல்லாம் மாத்தி, ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழட்டி காய வெச்சு மாட்டி, செல்ஃப் அடிச்சேன். சுத்துது, ஸ்டார்ட் ஆகல.

11 டிசம்பர் 2023

கண்டுபிடிச்சாச்சு, சொல்லவே வெக்கமா இருக்கு. ஈசிஎம்-ஐ மேல ஏத்தினேனே, பெட்ரோல் பம்ப் ரிலேவையும் (கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற குட்டி சுவிட்ச்) மெயின் ரிலேவையும் ஸ்கேனர் போடற கப்ளரையும் பழைய சைடு தகட்டுலயே விட்டுட்டேன். வயர் எட்டல, அப்புறம் பாத்துக்கலாம்னு 2019ல விட்டது. மூணும் முழுகிப் போச்சு. ராஜாவை கோட்டைல வெச்சுட்டு அரிசி மூட்டையை ஆத்தங்கரைல வெச்ச கதை.

ரெண்டு ரிலே, முந்நூறு ரூபா கூட ஆகல. மாத்தினதும் முதல் செல்ஃப்லயே எடுத்துச்சு. ஆனா தண்ணி நின்னிருக்கும்போது அவசரத்துக்கு வண்டியை எடுக்கணும்னா எடுத்திருக்க முடியாது.

அதனால மேல ஜூன் 2022ல எழுதின எல்லாத்துலயும் "ஈசிஎம்"னு இருக்கிற இடத்துல "ஈசிஎம், ரிலே, ஃப்யூஸ்"னு படிச்சுக்கோங்க.

2 பிப்ரவரி 2024

எலி. டேஷ்போர்டு பின்னாடி கதகதப்பா இருக்கும்ல, வெள்ளத்துக்கு அப்புறம் தெரு எலி எல்லாம் மேட்டைத் தேடிச்சு, என் ஈசிஎம் மேட்டுல இருக்கு. ரெண்டு இன்ஜெக்டர் வயரைக் கடிச்சிருக்கு. சிலந்தியைக் காணோம். இப்ப கிராமெட் பக்கத்துல இருந்த இடுக்கை எல்லாம் இரும்புக் கம்பி நார் திணிச்சு அடைச்சிருக்கேன், பாத்திரம் தேய்க்கிறது. புகையிலைத் தூள் போடச் சொல்றாங்க, போட்டேன், வண்டி முழுக்க எங்க தாத்தா வாசனை.

21 ஏப்ரல் 2024

கேள்வி கேட்ட நண்பர் வண்டி ஓடுது. ஈசிஎம் மேல, ரிலே மேல, எர்த் என்ஜின் மேல. அவர் எலக்ட்ரீஷியன் இன்னும் அந்த பிளாஸ்டிக் டப்பாதான் நல்லாருந்திருக்கும்னு சொல்லிட்டிருக்காராம்.

பிராக்கெட் அளவு கேட்டிருந்தார்: 3 மில்லிமீட்டர் அலுமினியம் பட்டை, எல் வடிவத்துல ரெண்டு, நாலு போல்ட்லயும் ரப்பர் புஷ். பைக்ல சைடு பேனலுக்கு வர்ற புஷ் சரியா பொருந்துது. போல்ட்டை ரொம்ப முறுக்காதீங்க, ரப்பர் நசுங்கிட்டா இருந்தும் இல்லாத மாதிரிதான். கூரைத் தகரம் ஈசிஎம்-ஐத் தொடக் கூடாது, ஒரு விரல் இடைவெளி விடுங்க.